மராரா: பித்தப்பை நோய்கள் குறித்து அரபு மருத்துவ மரபும் இன்றைய அறிவும்

ஒரு சொல்லின் வரலாறு பல வேளைகளில் ஓர் அறிவுத்துறையின் வரலாற்றுக்கு வாயிலாக அமைகின்றது. கல்லீரலின் அடிப்புறத்தில் ஒட்டிக்கிடக்கும் பித்தப்பைக்கு அரபு மொழியில் 'மராரா' என்று பெயர். கசப்பு எனப் பொருள்படும் 'முர்ர்' என்னும் சொல்லோடு இது வேரால் உறவுடையது. அப்பையினுள் தேங்கும் நீரை 'மிர்ரா' என்பர். திருக்குர்ஆனின் அல்கமர் அத்தியாயத்தில் (54:46) மறுமை வேளையின் கடுமையைக் குறிக்க வரும் 'அமர்ர்' என்னும் சொல்லும் இவ்வேரைச் சார்ந்ததே. அந்நஜ்ம் அத்தியாயத்திலோ (53:6) 'மிர்ரா' என்பது வலிமை என்னும் பொருளில் ஆளப்பட்டுள்ளது. கயிற்றை இறுக முறுக்குவதைக் குறிக்கும் வினையும் இதே வேரில் பிறப்பதால், முறுக்கேறிய கயிற்றின் உறுதியே வலிமை என்னும் பொருளைத் தந்தது என்று அகராதி ஆசிரியர்கள் விளக்குவர்.

பித்தநீருக்கு அரபு மருத்துவ நூல்களில் வழங்கும் மற்றொரு பெயர் 'ஸஃப்ரா'. மஞ்சள் நிறமுடையது என்பது அதன் பொருள். அல்பகரா அத்தியாயத்தில் (2:69) பசுவின் நிறத்தைக் கூறுமிடத்தில் வரும் சொல்லும் இதுவே. இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கு 'அக்லாத்'துகளின் சமநிலையே உடல்நலம் என்பது கிரேக்கரிடமிருந்து அரபு மருத்துவம் பெற்ற கொள்கை. பித்தத்தைக் குறிக்கும் 'கோலே' என்னும் கிரேக்கச் சொல் இன்றும் பல மொழிகளில் உயிர்வாழ்கின்றது. காலரா, மெலன்கோலியா ஆகிய நோய்ப்பெயர்களில் இருப்பது அச்சொல்லே. கொலஸ்ட்ரால் என்று நாம் அன்றாடம் உச்சரிக்கும் பெயரும் அதிலிருந்து வந்ததே. பித்தப்பைக் கல்லில் காணப்பட்ட ஒரு பொருளுக்குப் பிரெஞ்சு வேதியியல் அறிஞர் செவ்ரல் 1815ஆம் ஆண்டையொட்டி இட்ட பெயர் அது. 'திண்மையான பித்தம்' என்பது அதன் பொருள். கிரேக்கர் மனத்துயரைக் கரும்பித்தத்தோடு இணைத்தது போலவே, தமிழரும் பித்தத்திலிருந்து 'பித்து', 'பித்தன்' ஆகிய சொற்களை ஆக்கிக்கொண்டனர். ஒரு சிறு பையில் தேங்கும் கசப்பு நீருக்கு மனிதனின் மனத்தையே ஆளும் ஆற்றல் உண்டென்று பண்டை உலகம் நம்பியது.

அந்நம்பிக்கையில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்பதை அறிவது வெறும் வரலாற்று ஆர்வத்துக்காக மட்டுமன்று. நம் சமுதாயத்தில் இன்றும் மஞ்சள் காமாலை கண்டவுடன் செய்யப்படும் செயல்களும், 'இஸ்லாமிய மருத்துவம்' என்ற பெயரால் விற்கப்படும் சில முறைகளும் இவ்வினாவோடு நேர்த் தொடர்புடையவை.

அரபு மருத்துவர் கண்டவை

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் (கி.பி. 809-873) அவருடைய மாணாக்கரும் காலனின் நூல்களை அரபியில் பெயர்த்தனர். அதன்பின் வந்தவர்கள் பெயர்ப்போடு நின்றுவிடவில்லை. அபூபக்ர் அர்ராஸீ (கி.பி. 865-925) தம் பெருந்தொகுப்பான 'அல்ஹாவீ'யில் முன்னோரின் கூற்றுகளை வரிசையாக எடுத்தெழுதி, அவற்றினிடையே 'லீ', அதாவது 'என்னுடையது' என்ற குறியிட்டுத் தம் சொந்தக் கருத்தையும் அனுபவத்தையும் பதிவு செய்தார். 'காலன்மீதான ஐயங்கள்' என்று தனிநூலே எழுதியவர் அவர்.

இப்னு சீனா (கி.பி. 980-1037) தமது 'அல்கானூன் ஃபித்திப்' நூலின் மூன்றாம் பாகத்தில் தலை முதல் பாதம் வரையுள்ள உறுப்புகளின் நோய்களை முறைப்படுத்தினார். அப்பாகத்தின் பதினான்காம் பிரிவு கல்லீரலைப் பற்றியது. பதினைந்தாம் பிரிவு பித்தப்பையையும் மண்ணீரலையும் பற்றியது. பித்தப்பையின் அமைப்பு, அதற்குரிய வழிகள், அவ்வழிகள் அடைபடுவதால் தோன்றும் விளைவுகள் ஆகியவற்றை அங்கு அவர் விளக்குகிறார். 'யரகான்' எனப்படும் காமாலையும் அங்கேயே பேசப்படுகின்றது. பயிர்கள் மஞ்சளித்துப் பட்டுப்போகும் நோய்க்கும் அரபியில் யரகான் என்றே பெயர் என்பது கவனிக்கத்தக்கது. உடலின் நிறம் மஞ்சளாகவோ கருமையாகவோ பெரிதும் மாறுதலே யரகான் என்று இப்னு சீனா வரையறுக்கிறார். அதன் காரணங்களைக் கூறும்போது வழியடைப்பு, கல்லீரலின் கோளாறு, நச்சுயிர்களின் கடி எனப் பலவற்றைத் தனித்தனியே பிரித்துக் காட்டுகிறார். பித்தம் குடலை அடையும் வழி அடைபட்டால் மலம் வெளுக்கும் என்பதும் அவர் அறிந்திருந்த அடையாளம்.

இவ்விளக்கத்தில் பிழைகளும் உண்டு. பித்தம் கல்லீரலில் இரத்தம் சமைக்கப்படும்போது நுரைபோல் மிதந்து எழுவது என்றும், அதனை இரத்தத்திலிருந்து ஈர்த்துக்கொள்வதே பித்தப்பையின் பணி என்றும் அம்மரபு கருதியது. உண்மையில் கல்லீரலின் உயிரணுக்களே பித்தநீரைச் சுரக்கின்றன. பித்தப்பை அதனைச் சேமிக்கும் கலமே. கரும்பித்தம் என்றொரு தனி நீர் உடலில் இல்லவே இல்லை. ஆயினும் காமாலை ஒரே நோயன்று, பல காரணங்களால் விளையும் ஓர் அடையாளம் என்ற கருத்து ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அசையாமல் நிற்கின்றது.

கல்லை முதலில் கண்டவர்கள்

மாட்டின் பித்தப்பையில் சில வேளை மஞ்சள் நிறக் கல் கிடைக்கும். அரபு மருந்தியல் நூல்கள் அதனை 'ஹஜருல் பகர்' என்று குறிக்கின்றன. அப்பொருள் நமக்கும் புதிதன்று. தமிழ் வீடுகளில் குழந்தைகளுக்கு உரைத்துக் கொடுக்கப்பட்டு வந்த கோரோசனையே அது. மருத்துவர்கள் அதன் குணத்தை ஆராய்ந்தபோது, சட்ட அறிஞர்கள் அதன் தூய்மையை ஆராய்ந்தனர். பித்தநீர் அசுத்தம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. பித்தப்பையினுள் கிடைத்து மருந்துகளில் சேர்க்கப்படும் கல்லும் அசுத்தமே என்று அம்மத்ஹபின் உரைநூல்கள் பேசுகின்றன. அதற்கு அவர்கள் காட்டும் காரணம் சிந்திக்கத்தக்கது: அக்கல் வெளியிலிருந்து வந்ததன்று, அசுத்தமான அந்நீரே உறைந்து உருவானது. ஹனஃபீ மத்ஹபிலோ ஒவ்வோர் உயிரினத்தின் பித்தமும் அதன் சிறுநீரின் சட்டத்தைப் பெறும். அறுக்கப்பட்ட பிராணியில் உண்ணலாகாதவை என அம்மத்ஹபினர் எண்ணும் ஏழு பகுதிகளில் பித்தப்பையும் ஒன்று. கல் என்பது பித்தநீர் உறைந்ததன் விளைவு என்னும் உண்மையை, நோயை ஆராயாமல் தூய்மையை ஆராய்ந்த ஃபுகஹாக்கள் சரியாகவே உணர்ந்திருந்தனர்.

மனித உடலில் இக்கல்லைக் கண்டு எழுதியவர்களில் முற்பட்டவர் இத்தாலியரான ஜெண்டிலே ட ஃபோலிக்னோ. பதினான்காம் நூற்றாண்டில் படுவா நகரில் நிகழ்ந்த உடற்கூறு ஆய்வொன்றில் பித்தப்பைக் கல் காணப்பட்டதை அவர் குறிக்கிறார். 1348இல் பெருங்கொள்ளைநோயில் உயிர்நீத்த இம்மருத்துவர் இப்னு சீனாவின் கானூனுக்கு விரிவுரை எழுதியவர். டொலேடோ நகரில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரிமோனாவின் ஜெரார்டு இலத்தீனில் பெயர்த்த கானூனே அவருக்குப் பாடநூலாயிற்று. ஃபுளோரன்ஸ் நகர மருத்துவர் அந்தோனியோ பெனிவியெனி இறந்தபின் 1507இல் வெளிவந்த நூலிலும் பித்தப்பைக் கற்களைப் பற்றிய பதிவுகள் உள்ளன. நூலை ஓதியவர்கள், நூல் சொல்லாததையும் உடலில் தேடிப் பார்த்தார்கள். அறிவு வளர்ந்த வழி இதுவே.

பித்தநீரின் பயணம்

கல்லீரல் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கின்றது. அது சிறு நாளங்கள் வழியே திரண்டு பொதுப் பித்தநாளத்தை அடைந்து, கணையத்தின் நாளத்தோடு சேர்ந்து முன்சிறுகுடலில் திறக்கின்றது. உணவில்லாத வேளையில் அந்நீரின் ஒரு பகுதி பித்தப்பைக்குத் திரும்பித் தங்குகின்றது. ஏழு முதல் பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள அப்பை 30 முதல் 50 மில்லிலிட்டர் வரையே கொள்ளும். ஆனால் அது நீரை உறிஞ்சிப் பித்தத்தைப் பலமடங்கு செறிவாக்கி வைக்கின்றது. கொழுப்புள்ள உணவு குடலை எட்டியதும் குடற்சுவரிலிருந்து ஓர் இயக்குநீர் சுரந்து, இரத்தத்தின் வழியே சென்று பித்தப்பையைச் சுருங்கச் செய்கின்றது. பித்த உப்புகள் கொழுப்பைச் சிறு துளிகளாகச் சிதைத்துச் செரிமானத்துக்கு உதவுகின்றன. பணி முடிந்தபின் அவற்றில் 95 விழுக்காடு சிறுகுடலின் கடைப்பகுதியில் உறிஞ்சப்பட்டு மீண்டும் கல்லீரலை அடைகின்றது.

பித்தத்தின் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் பிலிரூபின். சுமார் 120 நாள் வாழ்ந்து மடியும் சிவப்பணுக்களின் செந்நிறப் பொருள் சிதைந்து பிலிரூபினாகின்றது. கல்லீரல் அதனை நீரில் கரையும் வடிவுக்கு மாற்றிப் பித்தத்தில் சேர்க்கின்றது. குடலில் நுண்ணுயிர்கள் அதனை மாற்றுவதாலேயே மலத்துக்குப் பழுப்பு நிறம் வருகின்றது. ஆகவே பித்தவழி முழுதும் அடைபட்டால் மலம் களிமண் போல் வெளுக்கும். குடலுக்குப் போக வேண்டிய பொருள் இரத்தத்தில் தேங்கி, சிறுநீர் கடுந்தேநீர் நிறமாகும். கண்ணின் வெண்படலம் மஞ்சளாகும். உடலெங்கும் அரிப்பு உண்டாகும். கொழுப்பில் கரையும் கே வைட்டமினை உடல் ஏற்க இயலாமற் போவதால் இரத்தம் உறைவதும் தடைப்படலாம். கானூன் குறிப்பிட்ட வெளிறிய மலத்துக்கான முழு விளக்கம் இது.

கல்லும் அதன் விளைவுகளும்

பித்தநீரில் கொலஸ்ட்ரால் தன் கரைதிறனுக்கு மிஞ்சும்போது படிகமாகி, பித்தப்பையின் சளியில் சிக்கிக் கல்லாக வளர்கின்றது. இது ஒரு வகை. பிலிரூபினும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து உருவாகும் நிறமிக்கல் இன்னொரு வகை. தலசீமியா போன்று சிவப்பணுக்கள் விரைந்து சிதையும் நோயுடையோர்க்கு இளம் வயதிலேயே கருநிற நிறமிக்கற்கள் தோன்றக்கூடும். பெண்கள், நாற்பதைக் கடந்தோர், உடற்பருமன் உடையோர், பன்முறை கருவுற்றோர், குறுகிய காலத்தில் பெருமளவு எடை குறைந்தோர், குடும்பத்தில் இந்நோய் உள்ளோர் ஆகியோர்க்குக் கல் தோன்றும் வாய்ப்பு மிகுதி.

கல் உடையோரில் பெரும்பாலோர்க்கு வாழ்நாள் முழுதும் எத்தொல்லையும் வருவதில்லை. வேறொரு காரணத்துக்காக எடுத்த அல்ட்ராசவுண்ட் சோதனையில் தற்செயலாகத் தென்பட்ட கல்லுக்காகப் பெரும்பாலும் அறுவை தேவைப்படுவதில்லை. தொல்லை தொடங்குவது கல் பித்தப்பையின் கழுத்தில் சிக்கும்போதுதான். வலப்பக்க மேல்வயிற்றில் அல்லது நடுவயிற்றில் எழும் வலி வலத்தோளின் பின்புறம் வரை பரவும். அரைமணி முதல் சில மணி நேரம் நீடித்துத் தணியும். கொழுப்புணவுக்குப் பின் இது வருவது இயல்பு. நோன்பு துறந்ததும் எண்ணெயில் பொரித்த பண்டங்களை நிறைய உண்ட பின் எழும் இத்தகைய வலியை 'வாயு' என்று கருதிச் சோடா அருந்திப் பொறுத்துக்கொள்வோர் நம்மிடையே பலர். வலி மீண்டும் மீண்டும் வருமாயின் ஒரு சோதனை அவசியம். வலி ஆறு மணி நேரத்துக்கு மேல் நீடித்துக் காய்ச்சலும் சேருமாயின் பித்தப்பை அழற்சியுற்றிருக்கக்கூடும். நீரிழிவு உடையோர்க்கு இந்நிலை விரைவில் முற்றும்.

நாளம் அடைபடும்போது

கல் பித்தப்பையிலிருந்து நழுவிப் பொதுப் பித்தநாளத்தில் சிக்குமாயின் நிலைமை வேறாகின்றது. தேங்கிய பித்தத்தில் நுண்ணுயிர்கள் பெருகி நாளம் சீழ்பிடிக்கலாம். நடுக்கத்தோடு காய்ச்சல், வலப்பக்க மேல்வயிற்று வலி, காமாலை ஆகிய மூன்றும் ஒருங்கே தோன்றுதலை இதன் அடையாளமாகப் பாரிஸ் மருத்துவர் ஷார்கோ 1877இல் வகுத்தார். இம்மூன்றும் கூடிய நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதில் ஒரு நாள் தாமதமும் உயிருக்கு இடராகலாம். நாளத்தின் கடைவாயில் சிக்கும் கல் கணையத்தின் கடும் அழற்சிக்கும் காரணமாகலாம்.

வலியே இல்லாமல் நாளுக்கு நாள் ஏறிவரும் காமாலை மற்றோர் எச்சரிக்கை. காமாலையோடு வலியற்று வீங்கிய பித்தப்பை கைக்குத் தட்டுப்படுமாயின், காரணம் கல்லாக இருக்க வாய்ப்புக் குறைவு என்று சுவிட்சர்லாந்தின் கூர்வோசியே 1890இல் எடுத்துக்காட்டினார். கணையத்தின் தலைப்பகுதியிலோ நாளத்திலோ தோன்றும் புற்றுநோயை அங்கு ஐயுற வேண்டும். பித்தப்பைப் புற்றுநோய் உலகில் மிகுதியாகக் காணப்படும் இடங்களில் வட இந்தியாவின் கங்கைச் சமவெளியும் தென்னமெரிக்காவின் சிலி நாடும் அடங்கும். தென்னிந்தியாவில் அது ஒப்பளவில் குறைவு. பச்சையாக உண்ணும் நன்னீர் மீன் வழியே பரவும் கல்லீரல் தட்டைப்புழுவால் தாய்லாந்தின் வடகிழக்கில் பித்தநாளப் புற்றுநோய் மிகுந்துள்ளது. காஷ்மீரில் உருண்டைப்புழு குடலிலிருந்து பித்தநாளத்துள் ஏறி அடைப்பை உண்டாக்கும் நிகழ்வுகள் மருத்துவ நூல்களில் நன்கு பதிவாகியுள்ளன. உடலின் எதிர்ப்பாற்றலே தன் சிறு பித்தநாளங்களைத் தாக்கும் நோயொன்றும் உண்டு. ஈரல் இறுக்கம் என்று பொருள்படும் பழைய பெயர் நோயாளிகளை வீணே அச்சுறுத்துகிறது, நோயின் தொடக்க நிலைக்கும் பொருந்தவில்லை என்பதால் 2015இல் அதன் பெயர் 'முதன்மைப் பித்தநாள அழற்சி' என்று மாற்றப்பட்டது.

பச்சிளங்குழந்தையின் காமாலை

பிறந்த குழந்தைகளுக்கு முதல் வாரத்தில் தோன்றும் மஞ்சள் பெரும்பாலும் தானே மறையும் இயல்புடையது. பிறந்து 14 நாள் கடந்தும் மஞ்சள் மாறாமல், மலம் வெளுத்தும் சிறுநீர் மஞ்சளித்தும் காணப்படுமாயின் அது வேறு. பித்தநாளங்கள் அழற்சியால் அடைபட்டு அழியும் நோய் சுமார் 10,000 முதல் 15,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படுகின்றது. அந்நாளங்களுக்கு மாற்றாகக் குடலையே கல்லீரலின் வாயிலில் இணைக்கும் அறுவையை ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் உருவாக்கி 1959இல் வெளியிட்டார். குழந்தைக்கு 60 நாள் நிறைவதற்குள் அது செய்யப்பட்டால் பயன் மிகுதி. நாட்கள் செல்லச் செல்ல ஈரல் இறுகிப் பயன் குறைகின்றது. பின்னர் ஈரல் மாற்று ஒன்றே வழியாகும். வெயிலில் காட்டுவதிலும் மருந்து உரைத்துக் கொடுப்பதிலும் இவ்வறுபது நாட்கள் கழிந்துவிடுமாயின் இழப்பை ஈடுசெய்ய இயலாது. மலத்தின் நிறத்தைக் கவனிக்கத் தாய்க்கும் பாட்டிக்கும் கற்பிப்பது ஓர் உயிரைக் காப்பதற்கு ஒப்பாகும்.

சிகிச்சையின் வரலாறு

பெர்லின் மருத்துவர் கார்ல் லாங்கன்புக் 1882 ஜூலை 15 அன்று முதன்முதலாக ஒரு நோயாளியின் பித்தப்பையையே அகற்றினார். அதுவரை பையைத் திறந்து கல்லை எடுப்பதே வழக்கம். கல் இருப்பதனால் அன்று, கல்லை உண்டாக்குவதனால் பையை அகற்ற வேண்டும் என்பது அவருடைய வாதம். பித்தப்பையின்றி வாழ இயலுமா என்ற அச்சத்துக்கு இயற்கையே விடை பகர்கின்றது. குதிரை, யானை, மான் ஆகியவற்றுக்குப் பித்தப்பை இல்லை. ஒட்டகத்துக்கும் இல்லை என்பதை அரிஸ்டாட்டில் காலத்திலேயே அறிந்திருந்தனர். அதன் பொறுமைக்கு அதுவே காரணம் என்று அரபு மரபில் சொல்லப்படுவதும் உண்டு. பை அகற்றப்பட்ட பின் பித்தநீர் கல்லீரலிலிருந்து நேரே குடலை அடைகின்றது. பெரும்பாலோர் இயல்பான உணவோடு வாழ்கின்றனர்.

ஜெர்மனியின் எரிக் மூஹே 1985இலும், பிரான்சின் ஃபிலிப் மூரே 1987இலும் சிறு துளைகள் வழியே கருவிகளைச் செலுத்திப் பித்தப்பையை அகற்றிக் காட்டினர். இன்று அதுவே எங்கும் வழக்கிலுள்ள முறை. வாய்வழியே உள்நோக்குக் கருவியைச் செலுத்திப் பித்தநாளத்தின் வாயிலைக் கீறிக் கல்லை எடுக்கும் முறை 1974 முதல் நடைமுறைக்கு வந்தது. பித்தப்பையிலுள்ள சிறிய கொலஸ்ட்ரால் கற்கள் சிலவற்றை உர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் என்னும் மருந்து மெல்லக் கரைக்கும். நிறமிக்கற்களையும் சுண்ணாம்பேறிய கற்களையும் அது கரைப்பதில்லை. கரைந்த கல் மீண்டும் தோன்றுவதும் உண்டு.

எண்ணெயில் வெளிவரும் 'கற்கள்'

ஸைத்தூன் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் மிகுதியாகக் குடித்தால் பித்தப்பைக் கற்கள் வலியின்றி வெளியேறும் என்றொரு முறை பரவலாகச் சொல்லப்படுகின்றது. ஸைத்தூன் திருக்குர்ஆனில் சிறப்பித்துக் கூறப்படும் மரம் என்பதால், இம்முறைக்கு ஒரு மார்க்கச் சாயலும் பூசப்படுகின்றது. குடித்தவர் மறுநாள் மலத்தில் பச்சை நிற உருண்டைகளைக் காண்பது உண்மைதான். அவற்றைச் சோதித்த மருத்துவர்கள் 2005இல் லான்செட் இதழில் எழுதிய குறிப்பு, அவை பித்தப்பைக் கற்களே அல்ல என்று காட்டியது. குடித்த எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் குடலில் உருமாறி உறைந்த சவர்க்கார உருண்டைகள் அவை. கல்லோ இருந்த இடத்திலேயே இருக்கின்றது. மிகையான கொழுப்பால் பித்தப்பை வேகமாகச் சுருங்கும்போது சிறு கல் நகர்ந்து நாளத்தை அடைக்கும் ஆபத்தும் உண்டு. ஸைத்தூனின் சிறப்பு இதனால் குறைவுபடாது. அதன் பெயரால் சொல்லப்படாததைச் சொல்வதே தவறு.

கீழாநெல்லியும் காசினியும் இவ்வாறே நேர்மையோடு அணுகத்தக்கவை. அரபியில் ஹிந்தபா எனப்படும் காசினியைப் பற்றி இப்னு சீனா தனிச்சிற்றேடு எழுதியுள்ளார்; யுனானி மருத்துவத்தில் அதற்கு இன்றும் இடமுண்டு. கீழாநெல்லி ஹெபடைட்டிஸ்-பி கிருமியை அகற்ற உதவுவதாகச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு 1988இல் லான்செட்டில் வெளியாயிற்று. பின்வந்த ஆய்வுகள் அம்முடிவை உறுதிசெய்யவில்லை. வைரஸால் வரும் காமாலையில் பெரும்பாலானவை ஓய்வினாலேயே தணிவதால், உடன் உண்ட மூலிகைக்குப் புகழ் சேர்வது இயல்பு. எவ்வாறாயினும், கல்லாலோ கட்டியாலோ அடைபட்ட நாளத்தை எந்த மூலிகையும் திறப்பதில்லை.

அடையாளத்தை நோயென மயங்குதல்

நம் ஊர்களில் காமாலைக்குக் கையில் சூடிடுவதும், கண்ணில் சாறு பிழிவதும், சுண்ணாம்பு நீரில் கை கழுவி மஞ்சளை 'இறக்குவதும்' முற்றும் மறைந்துவிடவில்லை. சுண்ணாம்பு நீரோடு மாம்பட்டைச் சாறு கலந்தால் அந்நீர் மஞ்சளாகும். அது வேதியியல், நோயின் வெளியேற்றமன்று. கல்லீரல் அழற்சியா, இரத்தச் சிதைவா, நாள அடைப்பா என்று பிரித்தறிய இன்று ஓர் இரத்தச் சோதனையும் ஒரு அல்ட்ராசவுண்ட் சோதனையும் பெரும்பாலும் போதுமானவை. இப்பிரிப்பை முதலில் வலியுறுத்தியவர்களுள் நம் முன்னோரும் அடங்குவர். அவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே எல்லாக் காமாலைக்கும் ஒரே மருந்து கொடுப்பது அவர்களைப் பின்பற்றுவதாகாது.

ஓதிப்பார்த்தலும் துஆவும் முஃமினின் ஆயுதங்கள். ஆனால் அவை சிகிச்சைக்கு மாற்றாக அருளப்பட்டவையல்ல. நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று வினவிய கிராமப்புற அரபிகளுக்கு, செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் விடையளித்த செய்தி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் பதிவாகியுள்ளது. உயிரைக் காத்தல் ஷரீஅத்தின் ஐந்து அடிப்படை நோக்கங்களுள் ஒன்று என இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் வகுத்துள்ளார்கள். ஜித்தாவின் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி 1992ஆம் ஆண்டு மே மாத அமர்வில் மருத்துவம் பற்றித் தீர்மானம் இயற்றியது. சிகிச்சையைக் கைவிடுவது உயிரையோ ஓர் உறுப்பையோ இழக்கச் செய்யுமாயின் அச்சிகிச்சை கடமையாகின்றது என அது தெளிவுபடுத்தியது. சீழ்பிடித்த பித்தநாளத்துக்கும், அறுபது நாள் நிறையாத குழந்தையின் அடைபட்ட நாளத்துக்கும் இத்தீர்ப்பு எவ்வாறு பொருந்தும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஜும்ஆ மேடைகளில் இதனை எடுத்துரைப்பது ஆலிம்களின் பொறுப்பாகும்.

அர்ராஸீ காலனை ஐயுற்றார். இப்னுன் நஃபீஸ் (இறப்பு கி.பி. 1288) இப்னு சீனாவின் நூலுக்கே உரை எழுதுகையில், இதயத்தின் இரு அறைகளிடையே துளை உண்டென்ற கூற்றை மறுத்து, இரத்தம் நுரையீரல் வழியே செல்வதை எடுத்துரைத்தார். ஆசானை மதிப்பதும் ஆசானின் பிழையைத் திருத்துவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அவர்கள் வாழ்ந்து காட்டினர். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது தமிழ்ப் பழமொழி. பழமையின்மீது கொண்ட பற்றும் சில வேளை அத்தகைய கண்ணாகிவிடலாம். நம் முன்னோர் விட்டுச்சென்ற செல்வம் அவர்கள் எழுதிய மருந்துப் பட்டியல் மட்டுமன்று; நோயாளியின் கண்ணையும் மலத்தையும் சிறுநீரையும் தாமே கண்டு, காரணத்தைப் பிரித்தறிந்து, அதன்பின் மருந்தெழுதிய முறையும் ஆகும். நாம் காக்க வேண்டியது அம்முறையையே. அல்லாஹ் யாவற்றையும் நன்கறிந்தவன்.